தடி யார் கையில் இருந்தது

கடையில் நம்முடைய பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றுவிட்ட நான் போன கிழமை கடைப்பக்கம் வந்தபோது, ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் மன்னார் என்று கேட்டு மகிழ்ந்தேன். என் காலத்தில் இந்தக் கடையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கோபம் வந்தால் எனக்கு நானே ஏசிக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தத் துப்பாக்கித் தாங்கியின் கால் எவ்வளவு நீளும், எந்தப் பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கிறது. அதை வாசியுங்கள். தாளில் போடாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலையும் இல்லாத, மானும் இல்லாத லண்டன் நடுவில், மலையில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிறோம். நினைத்தால் சிரிப்பு வரும். நான் அகதியாக வந்து இறங்கிக் கொஞ்சக் காலத்தில் இங்கே களஞ்சியத்தில் பெட்டி அடுக்கச் சேர்ந்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்தவன் துப்பாக்கிக் கடையில் வேலை செய்கிறான் என்று எங்கள் சனம் இருக்கும் ரெய்னர்ஸ் லேன் முழுவதும் பகிடி. வெள்ளிக்கிழமை விரதம் இருந்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்பும்போது, “படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்” என்று என் மனைவி வாசலில் நின்று சொல்லுவாள்.

அப்போது நம் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்கொட்லாந்துக்காரர். குறைவாகப் பேசுவார், பேசினாலும் பாதி விளங்காது. மேல்மாடியில் யாரோ ரைபிளின் பின்பகுதியைத் திறந்து மூடும் சத்தத்துக்கு நான் தோளைக் குறுக்கிக்கொள்வதை ஒருநாள் அவர் கண்டுவிட்டார். அடுத்த நாளே என்னைத் தன்னிடம் மாற்றிக்கொண்டார். “இங்கே இருப்பதெல்லாம் சுடாத சாமான்” என்றார். காரணம் அவ்வளவுதான். துப்பாக்கியைத் தாங்கும் கால்கள், தடிகள், முக்காலிகள். அவர் எனக்குச் செய்த நன்மையை அவருக்கே வாய் திறந்து சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது அவர் இல்லை.

அவர் வைத்த முறையைத்தான் நீங்கள் இன்றும் செய்கிறீர்கள். வாங்க வருபவரின் முதுகில் பாரமேற்றிய பையை மாட்டி, பின்பக்கப் படிக்கட்டில் மேல்மாடிவரை ஏறி இறங்கச் சொல்வது. மூச்சு வாங்க வாங்க நிலவறைக்குக் கூட்டிப்போய், சரித்து வைத்த அந்தப் பெரிய பலகையில் உட்காரவைத்து, மரத்தால் செய்த பொய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்துத் தாங்கியை நிறுத்தச் சொல்வது. கடையின் சமதளத்தில் எல்லாத் தாங்கியும் நல்ல தாங்கிதான். சரிவில், களைத்த உடம்போடு, கை நடுங்கும்போதுதான் எது யாருக்குப் பொருந்தும் என்று தெரியும். அது பொருந்தாவிட்டால் குண்டு மானின் வயிற்றில் படும். மான் செத்தும் சாகாமலும் மலையெல்லாம் இழுபடும். அந்தப் பாவத்தில் விற்றவனுக்கும் பங்குண்டு என்பது அவருடைய எண்ணம்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் வெகுகாலம் விளங்கிக்கொள்ளவில்லை. “வாங்குகிறவனைப் பார்ப்பதோடு நிற்காதே. கூட வந்தவனையும் பார்.” முதலில் நான் அதை வியாபார தந்திரம் என்றே நினைத்தேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும் என்பதுபோல, கூட வந்தவரைப் பிடித்து விற்கச் சொல்கிறார் என்று எண்ணினேன். அவர் சொன்னது அதுவல்ல.

விம்பிள்டனில் இருந்து ஒரு பல்வைத்தியர் வருவார், நம்முடைய ஆள். டொக்டர் என்றுதான் நான் கூப்பிடுவது, அப்படியே எழுதுகிறேன். மனைவி இறந்த பிறகு மகள் குடும்பத்தோடு இருந்தார். அவரிடம் பல் காட்ட வந்த ஒருவர் எப்போதோ ஸ்கொட்லாந்து மலைக்குக் கூட்டிப்போனதில் பிடித்த பைத்தியம், வருடா வருடம் இலையுதிர் காலத்தில் போய்வருவார். அங்கே அவருக்குப் பழகிய வழிகாட்டி ஒருவர் இருந்தார்.

“சிவம், எனக்குச் சுடுறதைவிட ஏறுறதுதான் விருப்பம்” என்பார். “மானைக் கண்டும் சுடாமல் வந்த நாள் கனக்க இருக்கு. முழங்கால்தான் இப்ப சத்தம் போடத் தொடங்கிட்டுது.”

அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதற்கு மருமகன் நிரோஷன் அன்பளிப்பு வாங்கித் தர விரும்பினான். இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். நிரோஷன் சிறுவயதில் இங்கே வந்து வளர்ந்த பிள்ளை. துப்பாக்கியைத் தொட்டும் அறியாதவன். அந்த முறை மாமனாருக்குத் துணையாகத் தானும் மலைக்குப் போவதாக இருந்தான். வந்ததும் வராததுமாக, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முக்காலியைக் காட்டினான். கடையில் அதுதான் விலை கூடியது.

“உள்ளதில திறமானதை எடுங்கோ அங்கிள். மாமாவுக்கு.”

“தம்பி, அது திறம்தான். கல்லு மாதிரி நிக்கும். கல்லு மாதிரிப் பாரமாகவும் இருக்கும். மாமாவின்ர முழங்கால் அதுக்குச் சம்மதிக்க வேணுமே” என்றேன்.

டொக்டரின் முதுகில் பையை மாட்டினேன். படிக்கட்டில் கால் வைக்க முன்னரே நிரோஷன் அதைக் கழற்றப் போனான்.

“மாமா, பையைத் தாங்கோ. நான் கொண்டு வாறன்.”

“விடும் தம்பி. அவர்தான் சுமக்கவேணும். அவர் ஏறுறதைத்தான் நான் பாக்கவேணும்.”

“அப்ப நான் பின்னால கையை வீசிக்கொண்டு வாறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“மலையில ஆக்கள் இல்லைத் தம்பி. மான்தான் நிக்கும்” என்றேன். டொக்டர் சிரித்தார். நிரோஷனும் சிரித்தான், ஆனால் ஏறி இறங்கும்வரை பையின் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கியபடியே வந்தான். நல்ல பிள்ளை. நம்முடைய வீடுகளில் அப்படித்தானே வளர்க்கிறோம்? பெரியவர் கையில் சாமான் இருக்க இளையவன் வெறுங்கையோடு நடந்தால், அவனைப் பெற்றவர்களுக்குத்தான் பேச்சு விழும்.

நிலவறையில் பலகையில் உட்காரவைத்தேன். துப்பாக்கியோடு பூட்டுகிற இரட்டைக் கால் அவருக்குச் சரிவரவில்லை. சமதரையில் படுத்துச் சுடுகிறவருக்கு அது நல்லது. சரிவில் ஒரு கால் மண்ணில் புதைய மற்றக் கால் அந்தரத்தில் நிற்கும். முக்காலி, நான் சொன்னதுபோலப் பாரம். கடைசியில் இரண்டு நடைத்தடிகளைக் கொடுத்தேன். நீட்டி மடக்கும் தடிகள். நடக்கும்போது கைக்கு ஒன்றாக ஊன்றலாம். மானைக் கண்டால் உட்கார்ந்து இரண்டையும் மேலே ஒரு கவ்வியால் பிணைக்க, துப்பாக்கி வைக்க ஒரு கவட்டை ஆகிவிடும். டொக்டரின் முகம் மலர்ந்தது. பொய்த் துப்பாக்கி அதில் அசையாமல் கிடந்தது.

அப்போது நான் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னேன். “டொக்டர், இது கையை விட்டுப் போகக்கூடாது. இறங்கேக்க முக்கியமா. ரைபிளை வழிகாட்டி கொண்டு வருவார், பையைத் தம்பி கொண்டு வரட்டும். தடி உங்கட கால். காலை ஒருத்தரிட்டயும் குடுக்கேலாது.”

“ஓம், ஓம்” என்றார் டொக்டர். நிரோஷனும் தலையாட்டினான்.

அந்த இலையுதிர் காலம் முடியும் முன்னர், விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வந்த என் மனைவி, டொக்டர் மலையில் விழுந்து செத்துப்போனார் என்று சொன்னாள். என் மனதில் முதலில் வந்தது அவருடைய முகம்கூட இல்லை. தடி ஏதும் முறிந்ததோ என்பதுதான். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அப்படித்தான் வரும், உங்களுக்கும் வரும். செத்தவீட்டுக்குப் போனேன். எல்லோரும் விதி என்றார்கள். மழை ஈரம், புல் சறுக்கிவிட்டது, தலை கல்லில் அடிபட்டது, ஹெலிகொப்டர் வரமுன்னரே உயிர் போய்விட்டது என்றார்கள். மகள் மயூரி தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நிரோஷன் வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் ஓடித் திரிந்தான். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். என்னில்தான் கோபமாக்கும் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிந்து ஒரு வேலைநாள் காலை, அவன் தனியாகக் கடைக்கு வந்தான். கையில் அந்தத் தடிகள்.

“அங்கிள், இதின்ர பூட்டு நழுவுது. ஒருக்காப் பாருங்கோ.”

நிலவறைக்குக் கொண்டுபோனேன். தடியை நீட்டிப் பூட்டினேன். பலகையின் மேல் ஊன்றி என் பாரம் முழுவதையும் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நழுவட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டுதான் அழுத்தினேன். நழுவியிருந்தால் குற்றம் சாமானுக்கும், அதைத் தெரிந்தெடுத்துக் கொடுத்த எனக்கும் என்று போயிருக்கும். அதைச் சுமக்க எனக்கு வயது இருந்தது. இரண்டு தடிகளையும் நனைத்துப் பார்த்தேன், பூட்டில் மண் பூசிப் பார்த்தேன். அவை அசையவில்லை.

“தம்பி, இது நழுவேல்லை” என்றேன்.

அவன் பலகையின் ஓரத்தில் குந்தினான். பிறகு சொன்னான்.

அன்று அவர்கள் சுடவில்லை. காற்றுத் திசை மாறி மான்கள் கலைந்துவிட்டன. வழிகாட்டி ரைபிளோடு முன்னால் இறங்க, டொக்டர் இரண்டு தடியையும் ஊன்றி நடுவில், நிரோஷன் பையோடு பின்னால். மழை தூறத் தொடங்கியது. டொக்டர் நன்றாகக் களைத்துப்போனார், கைகள் தளர்ந்து தடி கல்லில் தட்டுப்பட்டபடியே வந்தது. தடியைத் தாங்கோ மாமா என்று இவன் கேட்டான். வேண்டாம் தம்பி என்றார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் கேட்டான். பரவாயில்லை என்றார். அவர் இவ்வளவு கஷ்டப்படத் தான் பார்த்துக்கொண்டு வருகிறேனே என்று இவனுக்குத் தாங்கவில்லை. முன்னால் ஓடிப்போய் நின்று, இரண்டு கையையும் நீட்டிக் கேட்டான். டொக்டர் கொடுத்துவிட்டார். ஒரு நீரோடையைக் கடக்கும் இடத்தில் கால் சறுக்கியது. பிடிக்க வெறுங்கையை நீட்டினார். தடி இரண்டும் இவன் கையில் இருந்தன.

“மயூரி அண்டைக்கு போனில முதல் கேட்டது, அப்பாட கையில தடி இருக்கேல்லையோ எண்டுதான். இருந்தது எண்டு சொல்லிட்டன். அப்ப எப்பிடி விழுந்தவர் எண்டு கேட்டா. பூட்டு நழுவிட்டுது எண்டன். வாயில வந்திட்டுது அங்கிள். இப்ப அவ விடுறா இல்லை. இன்னொரு பிள்ளையின்ர அப்பா விழக்கூடாது, தடி செய்த கொம்பனிக்கு முறைப்பாடு எழுதவேணும் எண்டு நிக்கிறா. சனிக்கிழமை இஞ்ச உங்களிட்ட வரப்போறா. பூட்டு பழுதெண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாக் காணும்.”

இப்படி ஒருவன் உங்கள் முன் உட்கார்ந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? யோசித்துவையுங்கள். இதற்குப் பெட்டிக்குள் தாள் இல்லை.

பழுது என்று நான் சொன்னால், அந்தத் தடியை வாங்கிய எல்லோரையும் கூப்பிட்டுத் திருப்பி எடுக்கவேண்டும். ஒரு குற்றமும் செய்யாத சாமானுக்குப் பயந்து, பத்துப் பேர் வெறுங்கையோடு மலை ஏறுவார்கள். கடையின் சட்டத்தில் அதுதான் பெரிய காரணம். என் மனதில் பெரிய காரணம் அதுவல்ல. அந்தப் பொய்யை அதுவரை அவன் ஒருவன் வைத்திருந்தான். நானும் சேர்ந்தால் அது எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து ஆகிவிடும். பொதுச் சொத்தை யாரும் இலேசில் விற்றுத் தொலைக்க முடியாது. அவள் தன் வாழ்நாள் முழுக்க ஒரு பூட்டை வெறுத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கிறவனை அறியாமலே இருப்பாள்.

“தம்பி, பழுதெண்டு நான் சொல்லமாட்டன்” என்றேன். “ஆனா நீர் சொல்லாததை நானாப் போய்ச் சொல்லவும் மாட்டன். அது உம்மட கதை.”

“அவ என்னை விட்டிட்டுப் போயிடுவா அங்கிள்.”

போகமாட்டாள் என்று சொல்ல நா எழுந்தது. எனக்கு என்ன தெரியும்? தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்காமல் தடிகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். மயூரி மெலிந்துபோயிருந்தாள். நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“அங்கிள், நீங்கள்தான் அப்பாவுக்கு இதைத் தெரிஞ்செடுத்துக் குடுத்தனீங்கள். உங்களில எனக்குக் கோவம் இல்லை. இது நழுவுமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

நிரோஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயால் சொன்னால் அவனைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன், சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றியவன் ஆவேன். எனக்குப் பொறுப்பாக இருந்த அந்த ஸ்கொட்லாந்துக்காரர் நிலவறையில் செய்வது ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்லமாட்டார், சாமானைக் கையில் கொடுத்துவிடுவார். நானும் தடிகளை நீட்டிப் பூட்டி அவளிடம் கொடுத்தேன்.

“நீங்களே பாருங்கோ பிள்ளை. பலகையில ஏறி நிண்டு, உங்கட பாரம் முழுக்கப் போடுங்கோ.”

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினாள். தடிகளை ஊன்றினாள். முதலில் மெதுவாக, பிறகு முழுப் பாரத்தையும் போட்டாள். கோபத்தோடு உலுக்கினாள், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அந்தத் தடிகளிலேயே தொங்கினாள். தடி அவளைத் தாங்கிக்கொண்டு நின்றது. பிறகு திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

“நிரோ, அப்ப அப்பா எப்பிடி விழுந்தவர்?”

அவன் சொன்னான். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, தன்னைக் காப்பாற்றும் ஒரு சொல்லும் சேர்க்காமல் சொன்னான். நான் மேலே போயிருக்கவேண்டும், போகவில்லை.

மயூரி பலகையில் இருந்து இறங்கிக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“எத்தினை தரம் வேண்டாம் எண்டவர்?”

“ரெண்டு தரம்.”

“மூண்டாம் தரம் குடுத்திட்டார்.”

“ஓம்.”

“அவருக்கு உங்களிட்ட வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது. மருமகன் கேட்டு மறுத்தா நீங்கள் குறை நினைப்பீங்கள் எண்டு யோசிச்சிருப்பார். எனக்கு அவரைத் தெரியும்.” குரல் உடைந்தது. “பொய் சொன்னதுக்கு உங்களோட நான் கனகாலம் கோவிப்பன் நிரோ. அதை இப்பவே சொல்லுறன். ஆனா தடியை வாங்கினதுக்கு நான் என்னெண்டு கோவிக்கிறது? நான் வந்திருந்தா நானும் வாங்கியிருப்பன். முதல் தரத்திலயே பறிச்சிருப்பன்.”

நிரோஷன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினான். அதுவரை அவன் அழுது நான் கண்டதில்லை. இப்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

நான் வெளியே வந்து நிலவறைக் கதவைச் சாத்தினேன். என் கன்னமும் நனைந்திருந்தது. அவள் சொன்னதைத்தான் நானும் செய்திருப்பேன், எங்களில் யாரும் செய்திருப்போம். அன்பாலும் மரியாதையாலும் ஒரு மனிதனின் காலைப் பிடுங்கிவிட முடியும் என்பதை அந்த ஸ்கொட்லாந்துக்காரர் எங்கே கண்டாரோ தெரியாது. கூட வந்தவனைப் பார் என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அதன் பிறகு நம்முடைய குடும்பங்கள் வந்தால், பெரியவரை நிற்கவைத்துவிட்டு இளையவர்களைத்தான் முதலில் பலகையில் ஏற்றுவேன். இரண்டு தடியையும் கொடுத்து இறங்கச் சொல்வேன். நடுவழியில் நானே கேட்டு ஒன்றை வாங்கிக்கொள்வேன். தடுமாறி என் தோளைப் பிடிப்பார்கள். வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அன்றைக்குக் கதவுக்கு வெளியே ஒருவர் காத்திருந்தார். முக்காலி பார்க்க முன்கூட்டியே நேரம் எடுத்து, தூரத்தில் இருந்து ரயில் ஏறி வந்தவர். நிலவறையில் ஆள் இருக்கிறது, இன்று ஏலாது, இன்னொரு நாள் வாருங்கள் என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். நல்ல வியாபாரம் போய்விட்டது என்று மேலாளர் முகத்தைச் சுளித்தார். கீழே எவ்வளவு நேரம் என்று கேட்டார். தெரியாது என்றேன். உங்களுக்கும் ஒருநாள் அப்படி வந்தால், கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள். உள்ளே இருப்பவர்கள் தாங்களாக வரும்வரை யாரையும் கீழே விடாதீர்கள்.